நெஞ்சு ஸ்கேனும் 3டி படமும்: வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

எக்ஸ்ரேயை வைத்து விலா எலும்பை 3டி-யாகப் பார்க்க முடியுமா? (பாளையங்கோட்டை)

முடியாது. எக்ஸ்ரேயில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே நிழலாக விழுந்துவிடும். உடம்பைக் குறுக்கே துண்டு துண்டாகப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டும்.

அம்மா பைக்கிலிருந்து விழுந்துவிட்டார். 3டி படத்தில் எலும்பு நன்றாக இருக்கிறது, ரிப்போர்ட்டில் விரிசல் என்கிறார்கள். எதை நம்ப? (தென்காசி)

ரிப்போர்ட்டை. 3டி போடும்போது மென்பொருள் விளிம்புகளை வழவழப்பாக்கிவிடும், மயிரிழை விரிசல் அதிலேயே மறைந்துபோகும். தோள்பட்டை எலும்போ நடுவில் காகிதம் மாதிரி மெல்லிசு, அங்கே இல்லாத ஓட்டை தெரியும். முதலில் குறுக்குவெட்டுப் படம், அப்புறம்தான் 3டி. எத்தனை தடவை எழுதினாலும் இதைத்தான் எழுதுவேன்.

ஃபிலிமைப் போனில் பிடித்து அனுப்பியுள்ளேன். டாக்டர் 3டி கேட்கிறார், உடனே செய்து தரவும். (அம்பாசமுத்திரம்)

அண்ணாச்சி, யாருக்கு எடுத்தது, என்ன வயசு, எதற்காக எடுத்தது, ஒன்றுமே எழுதவில்லை. ஃபிலிமில் டியூப்லைட் வெளிச்சம் வேறு. 3டி-க்கு வேண்டியது எண்கள், அதாவது எது எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்ற கணக்கு. காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்புக்கு மைனஸ் 100 பக்கம், தண்ணீருக்கு 0, கெட்டி எலும்புக்கு 1000 பக்கம், அதற்கு மேலும் போகும். இந்த ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களை வைத்துத்தான் நுரையீரலையும் எலும்பையும் பிரிக்கிறோம். ஃபிலிமில் அது கிடையாது, டிஸ்க்கில்தான் இருக்கும்.

டிஸ்க் என்றாலும் எல்லா டிஸ்க்கும் உதவாது. போன வருஷம் களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் மஞ்சப்பையில் டிஸ்க்கைச் சுற்றிக் கொண்டுவந்தார், நெஞ்சில் கட்டி, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. திறந்து பார்த்தால் 60 படம். 30 செ.மீ. நெஞ்சை 5 மி.மீ. துண்டுகளாகப் போட்டிருக்கிறார்கள். அதை அடுக்கினால் ஒவ்வொரு விலா எலும்பும் படிக்கட்டாக வருகிறது, கட்டி ரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று சொல்ல வழியில்லை. மெஷின் 1 மி.மீ. கணக்கில் 300 படம் தந்திருக்கும். ஒரு படம் அரை எம்.பி., மொத்தம் 150 எம்.பி., ஒரே டிஸ்க்கில் தாராளமாக அடங்கும். எடுத்த இடத்துக்குப் போன் போட்டால் "அழிச்சாச்சு சார்" என்றார்கள். பெரியவர் மறுபடியும் ஸ்கேனுக்குப் படுத்தார். ஒரு நெஞ்சு சி.டி. என்பது 50 நெஞ்சு எக்ஸ்ரேக்கு மேலான கதிர். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஸ்கேன் எடுத்த அன்றைக்கே, கவுண்டரிலேயே, "1 மி.மீ. படங்கள், டைகாமாக, டிஸ்க்கில் வேண்டும்" என்று கேட்டு வாங்குங்கள். டைகாம் என்பது அந்த எண்களோடு படத்தைச் சேமிக்கும் ஃபைல் வகை. அப்படி ஒரு டிஸ்க் இருந்தால் அனுப்புங்கள், செய்து தருகிறேன்.

3டி படம் போடும் 3டி ஸ்லைசர் மென்பொருள் இலவசம்தானே, வீட்டிலேயே போடலாமா? (வள்ளியூர்)

போடலாம், இலவசம்தான். பார்த்துப் படியுங்கள், அதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள்.

படத்தில் இதயம் இரட்டை விளிம்போடு தெரிகிறது. மெஷின் கோளாறா? (மேலப்பாளையம்)

இல்லை, இதயம் துடிக்கிறது. அது தெளிவாக வேண்டுமென்றால் ஈ.சி.ஜி.யோடு சேர்த்து எடுக்க வேண்டும். கீழே உதரவிதானத்துப் பக்கம் கலங்கியிருந்தால் அது மூச்சு. மேசையில் படுப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை மூச்சைப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள், 10 விநாடி பிடித்தால் பெரும்பாலும் போதும். நீங்களும் டிஸ்க்கில் எத்தனை மி.மீ. என்று எழுதவில்லை, பார்த்து எழுதுங்கள்.