பிள்ளைக்குப் பிரச்சினை, பெற்றோருக்கு எதற்குப் பயிற்சி?

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது. ஓரிடத்தில் உட்காரமாட்டான், சொன்னது காதில் ஏறாது. மருத்துவர் பார்த்துவிட்டு, ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும் உள்ள நிலை) என்றார். மருந்து எழுதாமல், எங்கள் இருவரையும் பெற்றோர் பயிற்சிக்கு வரச் சொன்னார். "பிள்ளையைக் காட்டப் போனால் நமக்குப் பாடமா?" என்று கணவர் கோபப்படுகிறார். மாமியார், "எல்லாம் நீ கொடுத்த செல்லம்" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: சகோதரி, இது உங்கள் வளர்ப்பால் வந்ததில்லை. மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. இதை நீங்கள் சொன்னால் வீட்டில் சண்டையாகிவிடும். அடுத்த முறை மாமியாரையும் கூட்டிப்போய், மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள்.

மருத்துவர் சொன்னது சரிதான். 4 வயது முதல் 6 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோர் பயிற்சிதான் என்கிறது, அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதல். உங்களிடம் குறை கண்டு கூப்பிடவில்லை. வாரம் ஒருமுறை பார்க்கும் ஆலோசகரைவிட நாள் முழுக்கக் கூட இருக்கும் உங்களால்தான் அவனை மாற்ற முடியும்.

அங்கே சொல்லித்தருவது இப்படித்தான் இருக்கும். அடுப்படியிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். "பையை எடு, ஷூ போடு, தண்ணீர் பாட்டில் எங்கே?" என்று அடுக்கினால் அவனுக்கு ஒன்றுமே நிற்காது. செய்தால் அந்த நிமிடமே பாராட்டுங்கள். "வாரம் முழுக்க ஒழுங்காக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஜிகர்தண்டா" என்பதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு ரொம்ப தூரம். அப்புறம், தினமும் பத்து நிமிடம் அவன் இழுத்த இழுப்புக்கு விளையாடுங்கள். அந்த நேரத்தில் திருத்த வேண்டாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடத்தைக் கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்ததும், முதல் சில நாட்கள் அடம் கூடும். அங்கேதான் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் மறுத்ததைப் பாட்டி கொடுத்தாலோ, அப்பா கை ஓங்கினாலோ மறுபடி முதலிலிருந்துதான். அதனால் மூவரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். மாமியாரிடம், மாலையில் அவனோடு தாயம் ஆடச் சொல்லுங்கள். தன் முறைக்காகக் காத்திருப்பதை அவன் பழக அதைவிட நல்ல இடம் எது?

செலவுதான் தடை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். உங்களுக்கே மனம் தளர்ந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள்; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். கணவர் வரவில்லை என்றாலும் பெற்றோர் பயிற்சியின் முதல் வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் மட்டுமாவது போய்விடுங்கள்.