வார்டு டியூட்டியில் டாக்டரும் சிஸ்டரும்: கேள்வி பதில்

கேள்வி (ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர்): ரவுண்ட்ஸில் சொன்ன ஊசியை சிஸ்டர் போடவில்லை. கேட்டால், "எழுதலையே டாக்டர்" என்கிறார்.

பதில்: அவர் செய்ததுதான் சரி. வாய்மொழி ஆர்டர் அவசரத்துக்கு மட்டும். மருந்து, அளவு, எந்த வழி, எத்தனை மணிக்கு ஒரு தடவை, தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். 'ஸ்டாட்' (உடனே) என்று எழுதி ஷீட்டைக் கட்டிலிலேயே விட்டுப் போனால் சிஸ்டருக்கு எப்படித் தெரியும்? கையில் கொடுத்து ஒரு வரி சொல்லுங்கள். இன்சுலினுக்கு 'யூனிட்' என்று முழுசாக எழுதுங்கள். சுருக்கி எழுதிய ஆங்கில எழுத்து சுழியாகத் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும்.

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ்): ராத்திரி போன் செய்தால் டாக்டர்கள் எரிந்து விழுகிறார்கள். போகப் போக, கூப்பிடவே தயக்கமாக இருக்கிறது.

பதில்: எரிச்சலுக்கு நியாயமே கிடையாது. ஆனாலும் "பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்றால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு அவசரம் புரியாது. அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைக்கு வந்த 'எஸ்பார்' (SBAR) முறையைப் பழகுங்கள்: இப்போது என்ன, பின்னணி என்ன, உங்கள் கணிப்பு என்ன, அவர் என்ன செய்ய வேண்டும். வைட்டல்ஸ் (நாடி, பிபி, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன்) எடுத்து, ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்:

"டாக்டர், மெடிக்கல் வார்டு, 12-ஆம் பெட். மூச்சு 22-லிருந்து 30 ஆயிருக்கு, பிபி 90/60, மாஸ்க்கில் ஆக்சிஜன் போயும் சாச்சுரேஷன் 88. நேத்து நிமோனியான்னு அட்மிட் ஆனவர். செப்சிஸ் மாதிரி தெரியுது. உடனே வந்து பாருங்க."

(செப்சிஸ் என்றால் கிருமித் தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை.) பலரும் சொல்லாமல் விழுங்குவது கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான். நர்ஸ் தன் கருத்தை டாக்டரின் யோசனை போலவே ஜாடையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் லியோனார்ட் ஸ்டைன் 1967-லேயே எழுதினார். அந்த ஜாடைப் பேச்சில் வீணாவது நோயாளியின் நேரம். ஹவுஸ் சர்ஜன் வரவில்லையா, டியூட்டி பி.ஜி.யை (மேற்படிப்பு டாக்டரை) கூப்பிடுங்கள். எத்தனை நிமிடத்துக்குப் பிறகு அடுத்தவரைக் கூப்பிடலாம் என்று யூனிட்டில் முன்கூட்டியே பேசி வைத்தால், அதை யாரும் புகாராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ்): பொட்டாசியம் குளோரைடு ஒரு ஆம்பியூல் 'ஸ்லோ ஐ.வி.' (மெதுவாக நரம்பில்) என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நோயாளி முன்னால் எப்படி மறுப்பது?

பதில்: போடாதீர்கள். நேரடியாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். 15 சதவீத ஆம்பியூல் 10 மில்லியில் 20 மில்லிஈக்குவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கிறது. சாதாரண வார்டில், கை நரம்பில் மணிக்கு 10 மில்லிஈக்குவலன்ட்டுக்கு மேல் போகக் கூடாது. டாக்டரை நர்சிங் கவுண்டருக்கு அழைத்து, "டாக்டர், இதை நேரா போட முடியாது. 500 மில்லி சலைன்ல நல்லா கலந்து 2 மணி நேரம் ஓட்டலாமா? மாத்தி எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு முறை சொல்லுங்கள். அப்புறம் பி.ஜி.யைக் கூப்பிடுங்கள். ஊசி ஏற்கெனவே டாக்டர் கையில் இருந்தால் கவுண்டர் வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே "நிறுத்துங்க" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி (நர்சிங் மாணவி): எங்களை "ஏம்மா, இங்க வா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பதில்: டியூட்டி தொடங்கும்போது நீங்களே பெயரையும் எந்த வருடம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்ல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. வார்டுக்கும் அது பொருந்தும்.

கேள்வி (நர்சிங் சூப்பிரண்டெண்ட்): இரு தரப்புக்கும் சேர்த்து என்ன பயிற்சி வைக்கலாம்?

பதில்: லெக்சர் வேண்டாம். பொம்மை வைத்து சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்குச் செய்யும் அவசர சிகிச்சை) ஒத்திகை நடத்துங்கள். "அட்ரினலின் 1 மில்லிகிராம் ஐ.வி." என்றால் சிஸ்டர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும், போட்டதும் "கொடுத்தாச்சு, மணி 2.14" என்று சொல்ல வேண்டும். ஒரு சுற்றில் தலைமையை சீனியர் சிஸ்டரிடம் கொடுங்கள். முடிந்ததும் பேச 10 நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் நர்சிங் மாணவி, அடுத்து ஹவுஸ் சர்ஜன், புரொஃபசர் கடைசியில். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.