வாசகர் கேள்வி – பதில்: சந்தாவும் செய்திமடலும்

கேள்வி: திருகோணமலையிலிருந்து காலாண்டுச் சஞ்சிகை ஒன்றை வெளியிட்டு வருகிறோம். ஒவ்வோர் இதழும் வெளிவரும்போது அட்டைப்படத்தை இணைத்து, சந்தாவைப் புதுப்பிக்குமாறு கேட்டு எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறோம். மிகச் சிலரே பதில் தருகிறார்கள். என்ன செய்யலாம்?
– சஞ்சிகை ஆசிரியர் ஒருவர், உப்புவெளி

பதில்: உங்கள் மின்னஞ்சல் ஆண்டுக்கு நான்கு தடவை மட்டுமே வாசகரிடம் செல்கிறது, அந்த நான்கு தடவையும் அது பணம் கேட்கிறது. இப்படிப்பட்ட கடிதத்தை ஆவலோடு திறப்பவர் அரிது. செய்திமடல் என்பது சஞ்சிகையைப் பற்றிய விளம்பரமாக அல்லாமல், தானே வாசிக்கத் தகுந்த ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இத்துறையில் நான் உறுதியாகக் கருதும் முதல் விடயம்.

இரு வாரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். ஒவ்வொரு மடலிலும் முழுமையான ஓர் ஆக்கம் இருக்கட்டும்: ஒரு கவிதை, கன்னியா வெந்நீரூற்றுகளைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு, தம்பலகாமத்து வயல்வெளியைப் பற்றிப் பழைய இதழ் ஒன்றில் வந்த கட்டுரையின் ஒரு பகுதி. பாதியில் நிறுத்தி ‘மீதியை இதழில் காண்க’ என்று எழுதுவதை நான் விரும்புவதில்லை. வாசகருக்கு அது ஏமாற்றமாகவே படும். முழுமையாகக் கொடுத்துவிட்டு, இத்தகைய எழுத்து அடுத்த இதழில் இன்னும் எவ்வளவு வரவிருக்கிறது என்று சொல்லுங்கள். கீழே ‘நிர்வாகம்’ என்று எழுதாமல் ஆசிரியரின் பெயரையே இடுங்கள். இதழ் முழுவதையும் பிடிஎஃப் கோப்பாக இணைத்து அனுப்பும் வழக்கமும் இருந்தால், அதை உடனே நிறுத்திவிடுங்கள். அது கைமாறிக் கைமாறி இலவசமாகச் சுற்றும்போது, பணம் செலுத்திய சந்தாதாரருக்கு நாம் அநீதி செய்கிறோம்.

அடுத்து, பட்டியலைப் பிரியுங்கள். நடப்புச் சந்தாதாரர், சந்தா முடிவடைந்தவர், இன்னும் சந்தா செலுத்தாத வாசகர் ஆகிய மூவருக்கும் ஒரே கடிதம் பொருந்தாது. சென்ற மாதம் பணம் அனுப்பியவரிடம் ‘சந்தாதாரராகுங்கள்’ என்று கேட்பது அவரை நாம் அறியவே இல்லை என்று சொல்வதற்குச் சமம். புதிதாகச் சேர்ந்தவருக்கு அன்றே வரவேற்பு மடல் செல்ல வேண்டும். சந்தா முடிய இருப்பவருக்கு, கடைசி இதழுக்கு முன்பு ஒன்று, அந்த இதழோடு ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று என மூன்று தனிக் கடிதங்கள் போதும். எந்த இதழோடு சந்தா முடிகிறது, தொகை எவ்வளவு, எப்படிச் செலுத்துவது என்ற மூன்றும் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். அதன் பின்னும் புதுப்பிக்காதவரைப் பொது வாசகர் பட்டியலில் வைத்துச் செய்திமடலைத் தொடர்ந்து அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அவர் திரும்பி வரக்கூடும்.

புலம்பெயர்ந்த வாசகருக்கு வேறு கடிதம் தேவை. மூதூரில் இருப்பவர் வங்கியில் வைப்புச் செய்து, பற்றுச்சீட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். ரொறன்ரோவில் இருப்பவர் கடனட்டையால் செலுத்தும் வழியைத் தேடுவார். நாம் மாலை 7 மணிக்கு அனுப்பும் மடல், குளிர்காலத்தில் லண்டனுக்குப் பிற்பகல் 1.30க்கும் ரொறன்ரோவுக்குக் காலை 8.30க்கும் சென்று சேரும் என்பதால் அந்த நேரம் மூன்று இடத்துக்கும் ஏற்றது. இன்னொன்றையும் அவர்களிடம் தயங்காமல் கேளுங்கள்: தம் சந்தாவோடு, தாம் படித்த பாடசாலையின் நூலகத்துக்கும் ஓர் ஆண்டுச் சந்தா செலுத்த முடியுமா என்று. சம்பூரிலோ வெருகலிலோ ஒரு மாணவர் கையில் உங்கள் இதழ் சேர்வதைவிடச் சிறந்த சந்தாப் பெருக்கம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சஞ்சிகையின் ஜிமெயில் கணக்கிலிருந்து எல்லா முகவரிகளையும், பெறுநருக்கு மற்றவரின் முகவரி தெரியாத ‘பிசிசி’ பகுதியில் இட்டு அனுப்புகிறோம். பலருக்கு அது ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடுகிறது. சிலருக்குத் தலைப்பு ஆங்கில எழுத்துகளின் குழப்பமாகத் தெரிகிறதாம்.
– வடிவமைப்பாளர் ஒருவர், மூதூர்

பதில்: தனிநபர் ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது; அது இப்பணிக்காக அமைந்ததும் அன்று. செய்திமடல் அனுப்பும் சேவை ஒன்றைப் பயன்படுத்துங்கள். அதற்கும் முன்பாகச் சஞ்சிகையின் பெயரில் சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) ஒன்றைப் பதிவு செய்து, அனுப்புநர் முகவரியை அதிலேயே அமையுங்கள். வேறொரு சேவையின் வழியாக ஜிமெயில் முகவரியின் பெயரில் அனுப்பப்படும் மடல், உண்மையில் கூகிளிலிருந்து வராததால் ஐயத்துக்குள்ளாகிறது. டொமைனில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளை இட வேண்டும். கடிதம் உங்களிடமிருந்துதான் வருகிறது என்பதை உறுதிப்படுத்துபவை அவையே. 2024 பெப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும், ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் கூகிள் கட்டாயமாக்கியது. யாஹூவும் அதே காலத்தில் இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தது. நீங்கள் அந்த அளவை எட்டமாட்டீர்கள் எனினும் இவற்றைச் செய்துவிடுங்கள். ஸ்பாம் என்று முறையிடுவோரின் வீதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்ற விதியையும் மனத்தில் வையுங்கள்: 1,000 பேரில் 3 பேர் முறையிட்டாலே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறோம். விலகும் வழியைச் சிறிய எழுத்தில் ஒளித்து வைத்தால், விலக விரும்புபவர் முறைப்பாட்டுப் பொத்தானையே அழுத்துவார்.

எழுத்துக் குழப்பத்துக்குக் காரணம் அநேகமாகப் பாமினி எழுத்துரு. அச்சுப் பக்கத்துக்காகப் பாமினியில் தட்டச்சு செய்த வரிகள் கணினியின் கணக்கில் ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருகிறது. மின்னஞ்சலின் தலைப்பு வரி எழுத்துருவைச் சுமந்து செல்லாது. எனவே எல்லாவற்றையும், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி, மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்பும் பாருங்கள்.

தமிழில் மடல் எழுதுவோர் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. 102 கிலோபைற்றுக்கு மேற்பட்ட மடலை ஜிமெயில் இடையில் வெட்டிவிடுகிறது. ஆங்கில எழுத்து 1 பைற் இடத்தைப் பிடிக்க, ‘க’ 3 பைற்றையும், ‘கோ’ 6 பைற்றையும் பிடிக்கின்றன. நீண்ட சிறுகதையை முழுதாக இட்டால் அதன் முடிவும், அடியில் உள்ள சந்தா இணைப்பும், விலகும் இணைப்பும் சேர்ந்தே மறைந்துவிடும். ஆகையால் சந்தா இணைப்பை ஆக்கத்துக்கு மேலேயும் ஒருமுறை இடுவது நல்லது.

கேள்வி: நூல் வெளியீட்டு விழாக்களின் வரவுப் பதிவேட்டில் உள்ள முகவரிகளுக்கு எங்கள் மடலை அனுப்பலாமா? வேறொரு சஞ்சிகையினரும் தமது பட்டியலைத் தர முன்வந்துள்ளனர்.
– வாசகர் வட்ட உறுப்பினர், கிண்ணியா

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். விழாவுக்கு வந்ததற்குச் சான்றாக எழுதிய முகவரி, கடிதம் அனுப்புவதற்கான சம்மதம் ஆகாது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இத்தகைய செய்திகளுக்குப் பெறுநரின் சம்மதம் வேண்டும் என்ற ஏற்பாடு உள்ளது. கனடாவில் 2014 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டம், அங்குள்ளவருக்கு அனுப்பும் வணிக மடலில் அனுப்புநரின் பெயரும் அஞ்சல் முகவரியும் விலகும் வழியும் இருக்க வேண்டும் என்றும், விலகல் கோரிக்கையை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டத்தை விடுத்துப் பார்த்தாலும், கேட்காதவருக்குச் செல்லும் மடலே முன்பு சொன்ன முறைப்பாடுகளை வரவழைக்கிறது.

அடுத்த விழாவில் தனித் தாள் ஒன்றை வையுங்கள். ‘இரு வாரத்துக்கு ஒருமுறை மடல் பெற விரும்புகிறேன்’ என்ற வரி அதன் மேலே தெளிவாக இருக்கட்டும். கையெழுத்து முகவரிகளில் பிழை மிகுதி என்பதால், ஒரு சொடுக்கில் உறுதி செய்யும் முதல் மடலை அனுப்பி, உறுதி செய்தவரை மட்டும் சேருங்கள். அச்சு இதழின் பின்னட்டையில் கியூஆர் குறியீடு ஒன்றும் இருக்கட்டும். மின்னஞ்சல் இல்லாத மூத்த வாசகருக்குத் தபாலட்டையே சரியான வழி. அவர்களைக் கைவிட வேண்டாம்.

கேள்வி: மடலை எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை காட்டும் எண்ணிக்கையை நம்பலாமா?
– வாசகி, திருகோணமலை நகர்

பதில்: முழுமையாக நம்ப முடியாது. 2021 செப்ரெம்பரில் அப்பிள் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு வசதி, வாசகர் திறக்காத மடலின் படங்களையும் முன்கூட்டியே இறக்கிவிடுவதால் அதுவும் ‘திறந்த’ மடலாகவே கணக்கில் ஏறுகிறது. இணைப்பைச் சொடுக்கியவர்கள், பதில் எழுதியவர்கள், சந்தாவைப் புதுப்பித்தவர்கள் ஆகியோரை எண்ணுங்கள். புதிய சந்தாதாரரிடம் எந்த மடலைப் படித்துச் சேர்ந்தார் என்று வரவேற்புக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். ஓராண்டாக எந்த அசைவும் காட்டாதவருக்கு, தொடர்ந்து அனுப்பலாமா என்று ஒருமுறை எழுதிக் கேட்டு, பதில் வராவிட்டால் அவரது முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அவர் சந்தாதாரராக இருந்தால் மட்டும், நீக்குவதற்கு முன் தொலைபேசியில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.