அவள் சுவரில் இருக்கும் படம்

கேள்வி: ஹாம்பர்க் பக்கத்தில் வசிக்கிறோம். மகளுக்கு 17 வயது. எட்டு வயதிலிருந்து கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறாள். ஒரு வருடமாகக் காலையில் எழுந்தால் இடுப்பும் முதுகும் இறுகிப்போய், அரை மணி நேரம் நடக்கவே சிரமப்படுகிறாள். ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ் (முதுகெலும்பையும் இடுப்பையும் பாதிக்கும் ஒரு மூட்டுவாதம்) என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளோ டென்னிஸ்தான் தன் வாழ்க்கை என்கிறாள். சுவரில் ஜெர்மன் டென்னிஸ் வீராங்கனை ஈவா லீஸ் படத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, "அவருக்கும் இதே நோய்தான், அவர் ஆடவில்லையா?" என்று கேட்கிறாள். அவள் அப்பா, "ராக்கெட்டைத் தூக்கி வை, படிப்பைப் பார்" என்கிறார். இருவருக்கும் பேச்சே நின்றுவிட்டது. நான் யார் பக்கம் நிற்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்பது நியாயமான கேள்வி. அதை மழுப்பாமல் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். ஈவா லீஸ் ஆடத்தான் செய்கிறார். ஆனால் எப்படி ஆடுகிறார் என்பதை முழுவதுமாகப் பார்க்க வேண்டும்.

2025 ஜனவரியில் மெல்போர்னில் நடந்தது அவளுக்கு மனப்பாடமாக இருக்கும். நீங்களும் உங்கள் கணவரும் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஈவா தோற்றுப்போனார். அப்போது தரவரிசையில் 128-ஆம் இடம். பிரதானச் சுற்றில் ஆட வேண்டிய அன்னா கலின்ஸ்கயா உடல்நலமின்றி விலகவே, 'லக்கி லூசர்' என்ற முறையில் அந்த இடம் ஈவாவுக்குக் கிடைத்தது. களத்தில் இறங்கச் சில நிமிடங்களே இருந்தன. இறங்கி, உள்ளூர் வீராங்கனை கிம்பர்லி பிரெலை 6-2, 6-2 என்று வென்றார். அடுத்த இரண்டு ஆட்டங்களும் மூன்று செட் வரை போயின, இரண்டையும் வென்றார். 1988-இல் அங்கே பெண்கள் பிரிவு 128 பேருக்கு விரிவாக்கப்பட்ட பிறகு, நான்காம் சுற்றுக்குப் போன முதல் லக்கி லூசர் அவர்தான். அங்கே இகா ஸ்வியாடெக்கிடம் 6-0, 6-1 என்று தோற்றார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தச் சில நிமிடங்கள்தான். தகுதிச் சுற்றில் தோற்றவர் பையைக் கட்டி ஊருக்குக் கிளம்பியிருந்தால், அந்த இடம் இன்னொருவருக்குப் போயிருக்கும். ஈவா கிளம்பவில்லை. ஆடுவோமா மாட்டோமா என்று தெரியாமலே உடம்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். காலையில் மூட்டு இறுகும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று உங்கள் வீட்டிலேயே தினமும் பார்க்கிறீர்கள்.

அதற்கு முந்தைய வருடங்களையும் மகளிடம் பேசுங்கள். ஈவா கீவில் பிறந்து, இரண்டு வயதில் ஜெர்மனிக்கு வந்து, உங்கள் ஹாம்பர்க்கிலேயே வளர்ந்தவர். அப்பாவே டென்னிஸ் பயிற்சியாளர், அக்காவும் ஆட்டக்காரர். வீட்டிலேயே இவ்வளவு துணை இருந்தும், 2022 யு.எஸ். ஓப்பனில் முதன்முறையாகக் கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் கால் வைத்தவர், முதல் 100 பேருக்குள் வர 2025 வரை காத்திருந்தார். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பெய்ஜிங்கில் காலிறுதி வரை போய், முதல் 50-க்குள்ளும் வந்தார். நடுவில் இருந்த வருடங்களைச் சுவரில் ஒட்டுகிற மாதிரி யாரும் படம் எடுப்பதில்லை.

உங்கள் கணவரின் பயத்தில் பாதி பணத்தைப் பற்றியது என்று நினைக்கிறேன். அந்தப் பயம் தவறில்லை. தொழில்முறைப் போட்டிகளின் அடிமட்டத்தில் ஒரு வாரப் போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். ஒற்றையர், இரட்டையர் எல்லாரும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பயணம், தங்குமிடம், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் சொந்தச் செலவு. 2025-இல் மெல்போர்னில் நான்காம் சுற்றுக்குக் கிடைத்தது 4,20,000 ஆஸ்திரேலிய டாலர். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் நிறையப் பேர் நின்றுபோகிறார்கள். ஜெர்மனியில் ஒரு வசதி உண்டு: கிளப்புகள் மோதும் மேல்மட்டத் தேசிய லீக்கான பண்டஸ்லீகாவிலும் அதற்குக் கீழே உள்ள லீக்குகளிலும் கிளப்புக்காக ஆடிச் சம்பாதிக்கலாம். ஆனாலும் பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூர் முடிக்காமல் எதிலும் இறங்க வேண்டாம். இந்த விஷயத்தில் நான் அவள் அப்பா பக்கம்.

ராக்கெட்டைத் தூக்கி வைக்கச் சொல்வதில் நான் அவர் பக்கம் இல்லை.

நான் மருத்துவர் அல்ல. ஆனால் இந்த நோயில் ஓய்வெடுத்தால் இறுக்கம் கூடும், அசைந்தால் குறையும் என்பது எல்லா மூட்டுவாத மருத்துவர்களும் சொல்வதுதான். உடற்பயிற்சி சிகிச்சையின் ஒரு பகுதி. நம்முடைய நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குவதால் வரும் அழற்சி இது. மருந்தால் கட்டுக்குள் வைக்க முடிகிறது, ஆனால் சில வாரங்களில் திடீரென்று பொங்கி எழும். அந்த வாரங்களில் போட்டியிலிருந்து விலகுவதைத் தோல்வியாக நினைக்காமல் இருக்க அவள் பழக வேண்டும். 17 வயதில் அது கஷ்டம். அப்பா ஒவ்வொரு வலியையும் "பார்த்தாயா, நான் சொன்னேனே" என்று எடுத்துக்கொண்டால் இன்னும் கஷ்டம். வலியை மறைக்கத் தொடங்கிவிடுவாள். எனக்கு உண்மையான பயம் அதுதான். அவர் பேசாமல் இருப்பதைவிட, அவள் மறைப்பது ஆபத்து. ஈவா தன் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவர். உங்கள் மகள் அவரிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

அப்புறம் ஒன்று, பலர் கவனிக்காமல் விடுவது. அழற்சியைக் குறைக்கத் தரும் கார்டிசோன் மாத்திரையும் ஊசியும் போட்டி நேரத்தில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் வருபவை. சிகிச்சைக்குத் தேவை என்றால் விதிவிலக்கு அனுமதி வாங்கலாம். அதனால் எந்த மருந்தைத் தொடங்கும் முன்பும், மகள் போட்டிகளில் ஆடுகிறவள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஒரு வருடம் என்று பேசி முடிவெடுங்கள். அந்த ஒரு வருடம் படிப்பும் ஆட்டமும் சிகிச்சையும் சேர்ந்தே போகட்டும். முடிவில் மூன்று பேரும் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கணவரை மாதம் ஒரு தடவையாவது பயிற்சிக்கு வரச் சொல்லுங்கள், எதுவும் சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் போதும்.

இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். காலையில் இறுக்கம் எத்தனை நிமிடம் இருந்தது, முந்தைய நாள் எவ்வளவு நேரம் ஆடினாள், இரவு தூக்கம் எப்படி என்று அவளே தினமும் எழுதட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதை எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் நீங்கள் பேசாதீர்கள், அவள் பேசட்டும்.