பின்னேரத்தில் அழுகிற பிள்ளைக்குப் பால்மா வேண்டுமா?

கேள்வி: சிஸ்டர், என் மகனுக்கு இன்றோடு 19 நாள். பிறக்கும்போது 2.8 கிலோ. முதல் கிழமை 2.65க்கு இறங்கி, இப்போது 3 கிலோ. நாளுக்கு ஏழெட்டுத் தரம் சலம் போகிறான். ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்கு மார்பைப் பிடித்தால் இரவு ஒன்பது மட்டும் விடுகிறானில்லை, எடுத்தால் அழுகை. பால் தண்ணி மாதிரி இருக்கிறது, பிள்ளைக்குக் காணாது, ஒரு பால்மா டின் வாங்குவோம் என்கிறார் மாமி. காம்பும் வெடித்து நோகிறது. என்ன செய்ய?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: டின் வாங்க வேண்டாம், பிள்ளை. இறங்கிய நிறை ஏறி, பிறந்த நிறையையும் தாண்டிவிட்டது. ஏழெட்டுத் தரம் சலமும் போகிறான். பால் காணாத பிள்ளைக்கு இந்த இரண்டும் நடக்காது.

பால் ஊட்டத் தொடங்கும்போது நீர்த்துத்தான் வரும். குடிக்கக் குடிக்கக் கொழுப்புக் கூடும். அதனால் பாதியில் பிடுங்கி மற்றப் பக்கம் மாற்றாதீர்கள், ஒரு பக்கத்தை அவனே விடட்டும். இரண்டு மூன்று கிழமையில் பிள்ளைகள் திடீரென்று கூடக் குடிப்பார்கள், அதுவும் பின்னேரங்களில். அவன் உறிஞ்சினால்தான் நாளைக்குக் கூடுதலாகச் சுரக்க வேண்டும் என்று உங்கள் உடம்புக்குத் தெரியும். அந்த நேரத்தில் போத்தலைக் கொடுத்தால் மார்பில் உறிஞ்சுவது குறையும், பாலும் குறையும். பிறகு மாமி சொன்னது உண்மையாகிவிடும்.

இதை நான் அனுபவித்தவள். 1979இல் என் மூத்தவள் பிறந்த இரவே, என்னைக் கேட்காமல் வார்டில் போத்தலில் குளுக்கோஸ் தண்ணி கொடுத்துவிட்டார்கள். விடிய நான் தூக்கினால் முகத்தைத் திருப்பினாள். திரும்பப் பழக்க ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் நான் அழுதேன். பிறகு மருத்துவமாதாக வேலை செய்த காலமெல்லாம் எந்தத் தாய்க்கும் அது நடக்கவிடவில்லை.

காம்பு வெடிப்பது பிடி பிழைத்ததால். பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். மேலுதட்டில் காம்பால் தொடுங்கள், வாயை ஆவென்று திறக்கும் வரை பொறுங்கள், திறந்ததும் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைப் பிள்ளையிடம் கொண்டு குனியாதீர்கள், முதுகுதான் போகும். நாடி மார்பில் முட்டி, கீழுதடு வெளியே மடிந்து, கறுத்த பகுதி வாய்க்கு மேலேதான் கூடத் தெரிந்தால் பிடி சரி. 'களுக், களுக்' என்று விழுங்கும் சத்தமும் கேட்கும். நொந்தால் சின்னிவிரலை வாயோரம் விட்டு எடுத்து, திரும்பப் பிடிக்க விடுங்கள். முடிந்ததும் உங்கள் பாலில் இரண்டு துளியைக் காம்பில் பூசிக் காயவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் நோவு குறையாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மாமி அக்கறையில்தான் சொல்கிறார். அவரைப் பால்சுறா வறையும் உள்ளிக் குழம்பும் வைக்கச் சொல்லுங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். ஆறு மாதம் முடியும் வரை பிள்ளைக்குத் தண்ணிகூட வேண்டாம். கொழும்பு வெக்கைக்கும் தாய்ப்பாலில் இருக்கிற தண்ணி போதும். பிறகு சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயதுக்கும் அப்பால் கொடுக்கலாம். வயிற்றோட்டமும் நெஞ்சுச்சளியும் காதுக்குத்தும் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவு.

கேள்வி: பால் கொடுத்தால் தாயின் எலும்பு தேயும் என்கிறார்களே?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பிலிருந்து கொஞ்சம் கல்சியம் போவது உண்மைதான். பால் மறந்த பிறகு எலும்பு தேறிவிடும். நெத்தலியும் கீரையும் சாப்பிடுங்கள். பிள்ளை உறிஞ்சும்போது கர்ப்பப்பை சுருங்கி உதிரப்போக்குக் குறைகிறது. முதல் நாட்களில் அடிவயிறு இழுப்பது அதனால்தான், பயப்படாதீர்கள். மார்பகப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் வரும் வாய்ப்பும் குறைகிறது, எவ்வளவு காலம் கொடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு. மார்பு சிவந்து கட்டியாகிக் காய்ச்சல் வந்தால் மட்டும் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். அந்தப் பக்கத்திலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.