ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை போதும்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. அவளுக்காக ஃபெல்ட் துணியில் ஒரு க்வைட் புக், அதாவது குழந்தை திறந்து, மூடி, இழுத்து விளையாடும் துணிப் புத்தகம், செய்தேன். பன்னிரண்டு பக்கம். மீன் தொட்டி, வீடு, தோட்டம், ரயில் என்று ஒவ்வொரு பக்கத்திலும் பட்டன், ஜிப், மணி, வெல்க்ரோ எல்லாம் வைத்தேன். பாதியைத் தைத்தேன், மீதியை குளூ கன்னால் ஒட்டினேன். அவளோ எல்லாவற்றையும் பிய்த்து வாயில் போடப் பார்க்கிறாள், அப்புறம் புத்தகத்தைத் தூக்கி வீசிவிடுகிறாள். தைத்த பட்டன்கூடப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. "கடையிலேயே வாங்கியிருக்கலாம்" என்கிறார்கள் வீட்டில். எங்கே சரியில்லை என்று சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் புத்தகத்தை அவள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மணிகளையும் சின்னப் பட்டன்களையும் இன்றைக்கே பிரித்தெடுத்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிப்பதற்கென்று ஒரு சிறிய உருளை இருக்கிறது. அதன் வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் தொண்டையில் அடைக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலமே 27 மில்லிமீட்டர்தான். பெரிய பட்டன் என்று நாம் தேடி வாங்குவதும் பெரும்பாலும் அந்த உருளைக்குள் போய்விடும். காந்தம் வைத்துத் தைத்த பக்கங்களின் படங்களையும் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால், குடலை நடுவில் நசுக்கிக்கொண்டு ஒன்றையொன்று இழுக்கும். குடலில் ஓட்டையே விழலாம்.

தைத்த பட்டன் ஏன் பிடுங்கிக்கொண்டு வந்தது? ஃபெல்ட் நெய்த துணி இல்லை. அதில் பாவும் கிடையாது, ஊடும் கிடையாது. சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி இழைகள் ஒன்றுக்குள் ஒன்று அழுந்திக் கிடக்கின்றன. வெட்டினால் ஓரம் பிரியாமல் இருப்பது அதனால்தான், மடித்தடிக்கும் வேலை நமக்கு மிச்சம். ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் தாங்காது. நூல் அப்படியே இருக்கும், துணி கிழிந்து பட்டன் கையோடு வரும். அதனால் பட்டன், ஜிப், நாடா எது வந்தாலும் அந்த இடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு காடாத் துணியோ பழைய ஜீன்ஸ் துணியோ வைத்து, அதையும் சேர்த்துத் தையுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே உங்கள் புத்தகத்தின் ஆயுள் கூடிவிடும்.

பட்டனைத் துணியோடு ஒட்டித் தைக்கவும் கூடாது. நடுவில் ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்துவிட்டு, குச்சியை உருவி, பட்டனுக்கு அடியில் நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். ஃபெல்ட் தடிமனான துணி. அந்த இடைவெளி இல்லாவிட்டால் சின்ன விரலால் பட்டனைக் காஜாவுக்குள் நுழைக்கவே முடியாது. காஜாவைப் பட்டனின் அகலத்தோடு அதன் கனத்தையும் கூட்டி வெட்டுங்கள். ஓரம் பிரியாதுதான், ஆனால் நாளடைவில் இழுபட்டு வாய் பிளந்துவிடும் என்பதால் சுற்றிலும் காஜா தையல் போட்டுவிடுவது நல்லது. குளூ கன் வேண்டாம். அந்தப் பசை இறுகியதும் கட்டிகட்டியாக நிற்கும், துவைத்தால் விடும், குழந்தை நகத்தால் நெம்பினாலும் விடும்.

அவள் பிய்ப்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அவள் வயதில் கை முதலில் கற்றுக்கொள்வது பிரிப்பதை, இழுப்பதை, திறப்பதை. சேர்ப்பதும் மாட்டுவதும் பிறகுதான் வரும். நீங்கள் கொடுத்த புத்தகத்தில் இழுப்பதற்கென்று எதுவும் தனியாக இல்லை. மீன் தொட்டிப் பக்கத்தில் ஜிப், மணி, பட்டன், வெல்க்ரோ நாலும் இருக்கின்றன. எதை முதலில் தொடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் புத்தகத்தையே வீசுகிறாள்.

குழந்தைக் கல்வியில் தனி முறையை உருவாக்கிய இத்தாலியப் பெண்மணி மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போரால் இந்தியாவிலேயே தங்க வேண்டியதாகி, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவர் வகுத்த பொருட்களில் உடை மாட்டிப் பழகும் சட்டங்கள் என்று ஒரு வரிசை உண்டு. மரச் சட்டத்தில் இரண்டு துணிகள், நடுவில் சேர்க்க ஒரே வகை மாட்டல். பட்டன் சட்டத்தில் பட்டன் மட்டும். கொக்கிக்குத் தனிச் சட்டம், நாடா முடிச்சுக்குத் தனிச் சட்டம். ஒரு சட்டத்தில் ஒரே பட்டன் இல்லை, ஒரே மாதிரி பட்டன்கள் வரிசையாக இருக்கும். முதல் பட்டனில் தடுமாறிய கை அடுத்ததில் திருத்திக்கொள்ளும், கடைசிப் பட்டனுக்குள் பிடி கிடைத்துவிடும். க்வைட் புக் தைக்கிற எல்லோரும் அந்தச் சட்டத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நாமோ பக்கத்தை அழகாக்குவதில்தான் இறங்கிவிடுகிறோம். குழந்தைக்கு வேண்டியது ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை, அதையே பலமுறை செய்ய வழி.

உங்கள் மகளுக்கு இப்போதைக்கு நாலு பக்கம் போதும். எட்டு அங்குலச் சதுரம், பின்னணி ஒரே நிறம். ஒன்றில் தூக்கிப் பார்க்க மூன்று மடிப்புகள், உள்ளே பூனை, கோழி, மாடு. இன்னொன்றில் பழுப்பு நிறப் பைகளில் செருகிய கேரட்டுகள், இழுத்தால் வெளியே வரும்படி. கேரட் ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கையைவிடப் பெரிதாக, பக்கத்தோடு அரை சாண் நாடாவில் கட்டியிருக்கட்டும். அந்த நாடா அதற்குமேல் நீள வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மூன்றாவது பக்கத்தில் வெல்க்ரோ. அதன் சொரசொரப்பான பாதியைப் புத்தகத்தில் தைத்து, கையில் எடுக்கும் துண்டில் மெத்தென்ற பாதியை வையுங்கள், வாயில் வைத்தாலும் உறுத்தாது. அரை அங்குலம் போதும். நீளமாக வைத்தால் இழுக்கும்போது பக்கமே நெகிழ்ந்துவிடும். கடைசிப் பக்கம் ஜிப், அதன் பிடியில் ஒரு துணி வளையம். பட்டன் மூன்று வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், நாடா முடிச்சு இன்னும் தள்ளி.

கடையில் வாங்குவது பற்றி வீட்டில் சொல்வதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் புத்தகம் சேரும் ஓரத்தில் இரண்டு காஜா போட்டு, பக்கங்களை நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். அவள் வளர வளர ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்க்கலாம். கடைப் புத்தகத்தில் அது நடக்காது.

தைப்பதற்கு முன் சிவப்பு, கருநீலத் துண்டுகளை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தத் துணி வேண்டாம். முடித்த புத்தகத்தைத் தண்ணீரில் கையாலேயே அலசுங்கள். வெந்நீர் கூடாது, கம்பளி ஃபெல்ட்டாக இருந்தால் சுருங்கிப்போகும். ஒவ்வொரு தடவை அலசும்போதும் தையல்களை இழுத்துப் பாருங்கள்.

பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். மீன் தொட்டிப் பக்கத்தில் ஜிப்பை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் பிரித்துவிட்டு, பின்னால் காடாத் துணி கொடுத்துத் தைத்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவளிடம் கொடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவாக ஒருமுறை திறந்து காட்டுங்கள். அப்புறம் அவள் என்ன செய்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா