ஆற்றுச் சமவெளி உருவாவது வண்டலாலா, நிலப்பிளவாலா?

உங்கள் மகனின் நோட்டில் 'ஆறு வண்டல் போட்டது, சமவெளி வந்தது' என்று ஒரே வரி இருந்திருக்கும், நீங்கள் யூடியூப்பில் நிலப்பிளவு என்று ஏதோ பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். எது சரி என்றால், இரண்டும்தான். நிலப்பிளவு என்றால் பூமிக்கடியில் பாறை உடைந்து, ஒரு பக்கம் இறங்கவோ ஏறவோ செய்யும் இடம். மண்ணை ஆறு கொண்டுவரும், ஆனால் அது தங்கப் பள்ளம் வேண்டுமே? பள்ளம் நிரம்பிவிட்டால் மிச்சம் கடலுக்குத்தான் போகும். அடியில் நிலம் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கிலோமீட்டர் கணக்கில் சேரும்.

காவிரிப் படுகை அப்படி வந்ததுதான். இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது பிளவுகளுக்கு நடுவில் நிலம் இறங்கியது. ஆழமான இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல் படிவு. நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பதும் அதனால்தான். ஜப்பானின் நோபி சமவெளியில் யோரோ பிளவு இன்னும் இயங்குகிறது, மேற்குப் பக்கம் தாழ்ந்துகொண்டே போவதால் கிசோ, நகரா, இபி மூன்று ஆறுகளும் அந்த ஓரத்தில் போய் நெருக்கியடிக்கின்றன.

ஆனால் சிங்கப்பூர் வேறு கதை. நான் இங்கே மண் பரிசோதனைக்குத் துளை போடும் வேலையில் இருப்பவன், அதனால்தான் எழுதவே உட்கார்ந்தேன். சுமார் 20,000 வருடங்களுக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் போல கீழே இருந்தது, ஆறுகள் பள்ளத்தாக்கு வெட்டின, அப்புறம் கடல் ஏறி அதையெல்லாம் களிமண்ணால் நிரப்பியது. காலாங் பக்கம் இந்த 'மரீன் கிளே' (கடல் களிமண்) சில இடங்களில் 30 மீட்டரைத் தாண்டும். மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்கக் கம்பியைச் சுத்தியலால் தட்டி இறக்குவோம். ஒருமுறை அங்கே சுத்தியல் தட்டுவதற்கு முன்பே கம்பி தன் எடையிலேயே விறுவிறுவென்று இறங்க, புதிதாக வந்த எஞ்சினியர் தம்பி மெஷின் கெட்டுவிட்டது என்று போனை எடுத்துவிட்டார். 'மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி, மண்ணுதான் அப்படி' என்று சொல்லிக் குழாயை வெளியே எடுத்துக் காட்டினேன். சாம்பல் நிறக் களிமண், நடுவில் கிளிஞ்சல் துண்டுகள். ரிப்போர்ட்டில் அவர் பெயர்தான் வந்தது, அதை விடுங்கள்.

சிங்கப்பூரிலேயே இருக்கும் புக்கிட் தீமா பிளவை மறந்துவிட்டாயே என்று யாராவது வருவீர்கள். தெரியும், அது இப்போது இயங்குவதில்லை. நான் பட்டம் வாங்கியவனும் இல்லை, பார்த்த மண்ணைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, புளோக் (அடுக்குமாடி வீடுகள்) பக்கத்தில் துளை போட்டால் சத்தம் என்று உடனே புகார் கொடுக்கிறார்கள். அனுமதித்த நேரத்தில்தான் ஓட்டுகிறோம், இருந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு வெயிலில் உட்கார வேண்டியிருக்கிறது. அதே ஆட்கள்தான் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் எப்போது திறக்கும் என்றும் எங்களிடமே வந்து கேட்கிறார்கள்.